சாய்தளத்தில் காய்ந்த வத்தல்

சுற்றுலா போய் வந்தவர்கள் கோட்டையைப் பற்றியும் அரண்மனையைப் பற்றியும் பேசுவார்கள். முஹ்சினாவைக் கேட்டால் வண்டி நிறுத்துமிடங்களைப் பற்றிச் சொல்லுவாள். எந்தக் கோட்டை வாசலில் வேப்பமரம் நிற்கிறது, எந்த மதிலோரம் மத்தியானத்துக்கு மேல் நிழல் விழும், எந்த அருவிக்கரையில் குரங்குகள் வந்து வண்டிக் கண்ணாடியைத் தட்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. நாற்பது வயதைக் கடந்த அவள், குடும்பத்தோடு போன பயணம் எதிலும் வண்டியை விட்டு இறங்கியதில்லை. மற்றவர்கள் உள்ளே போய் வரும்வரை பைகளையும் தூக்குச் சட்டிகளையும் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. யாரும் அதை அவளிடம் ஒப்படைத்ததாக நினைவில்லை. மழைத் தண்ணீர் பள்ளத்தில் போய்த் தேங்குவதைப் போல அது தானாக அவளிடம் வந்து தங்கிவிட்டது.

மூன்று வயதில் வந்த காய்ச்சல் அவளுடைய இரண்டு கால்களையும் எடுத்துக்கொண்டு போனது. விருதுநகரில் வத்தல் மண்டி வைத்திருந்த அத்தா ஜமால் முகம்மது, அவளைத் தோளில் தூக்கிப் பள்ளிக்கூடம் கொண்டுபோனார். மூட்டை தூக்கிப் பழகிய தோள் என்பதால் அவருக்கு அது பாரமாகத் தெரியவில்லை. அவர் மௌத்தான பிறகு மண்டியும் தங்கையும் அண்ணன் சாபிர் கைக்கு வந்தன. மடக்கு நாற்காலி ஒன்றை மதுரையிலிருந்து வாங்கிவந்தவன் அவன்தான். ஆனால் விருதுநகரில் நாற்காலி உருளக்கூடிய தரை, வீட்டு நடுக்கூடத்தைத் தவிர வேறெங்கும் இல்லை. வாசலுக்குப் படி, ஆஸ்பத்திரிக்குப் படி, கல்யாண மண்டபத்துக்குப் படி. ஒவ்வொரு படியிலும் சாபிர் குனிந்தான், தூக்கினான், இறக்கினான். தங்கைக்கு நாற்பது ஆனபோது அவனுக்கு ஐம்பதைத் தாண்டியிருந்தது.

முஹ்சினா வீட்டிலிருந்தபடியே சிவகாசி அச்சகம் ஒன்றுக்குப் புரூப் திருத்திக் கொடுத்தாள். பெரும்பாலும் தினசரிக் காலண்டர். ஆடியில் தொடங்கி மார்கழி முடியும்வரை சீசன். கட்டுக்கட்டாகத் தாள்கள் வரும். தன் வீட்டில் ஒருநாளும் நல்ல நேரம் பார்த்து அடுப்புப் பற்றவைத்தறியாதவள், ஊருக்கெல்லாம் ராகு காலமும் எமகண்டமும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். மாசி பங்குனியில் வேலை குறைவு. கல்யாணப் பத்திரிகையோ விளம்பரத் தாளோ எப்போதாவது வரும். அப்படி ஒரு மாசியில் வந்ததுதான் அந்தச் சுற்றுலாக் கையேடு.

மேற்கு மலையடிவாரத்தில் கருமலைக்கோட்டை என்றொரு ஊர்; அங்கே பழைய ஜமீன் அரண்மனை ஒன்று. கையேட்டில் அதன் பெரிய கூடத்தின் படம் இருந்தது. இரண்டு வரிசையாகத் தூண்கள். தூண்களுக்கு மேலே மூங்கில் காடு போல வளைந்து வளைந்து சேரும் சுதை வேலை. படத்தின் கீழே இப்படி ஒரு வாக்கியம்: ‘சக்கர நாற்காலியில் வருவோரும் புதிய சாய்தளத்தின் வழியே எளிதாக உள்ளே சென்று கண்டுகளிக்கலாம்.’ அந்த வாக்கியத்தில் இரண்டு பிழைகள் இருந்தன. முஹ்சினா திருத்தினாள். திருத்திய தாள் மறுநாள் புதிதாக அச்சாகி வந்தபோது, பிழையில்லாமல் இருந்த காரணத்தாலேயே அது உண்மை என்று நம்பிவிட்டாள். இருபது ஆண்டு புரூப் பார்த்தவள் செய்திருக்கக் கூடாத தவறு.

“இந்த ஞாயித்துக்கிழமை மண்டி லீவுதானே? கருமலைக்கோட்டை போயிட்டு வருவமா?” என்று சோற்றுத் தட்டுக்கு முன்னால் கேட்டாள்.

சாபிரின் மகள் சனா, கல்லூரியில் படிப்பவள், கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தாள். “மாமி, நீங்களா கேக்குறீக? வழக்கமா ‘எனக்கென்ன அங்கன’ன்னுல்ல சொல்லுவீக!”

“இப்ப போகணும்போல இருக்கு.”

“இவளே வாயத் தொறந்து கேட்டுட்டா. மழை வந்தாலும் வரும்” என்றாள் சாபிரின் மனைவி பீவி ஜான். “போயிட்டு வருவோம். பிரியாணி கட்டிருவோம்.”

சாபிர் மனதுக்குள் கணக்குப் போட்டான். அரண்மனை என்றால் படி. படி என்றால் குனிய வேண்டும். அந்தக் கணக்கு அவன் முகத்தில் ஓடியதை முஹ்சினா பார்த்தாள். “படியே இல்லண்ணே. சாய்வாக் கட்டியிருக்காகளாம். நீங்க ஒண்ணும் தூக்க வேணாம்” என்றாள். அவள் போக விரும்பியதற்கு அந்தக் கடைசி வாக்கியம்தான் முதல் காரணம். அண்ணன் தூக்காமல் ஓர் இடத்தை உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். அது எந்த இடமாக இருந்தாலும் சரி. சில மாதங்களாகவே விடிகாலையில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சர்ரென்று ஒரு சத்தம் கேட்டுவந்தது. சாபிர் சட்டைக்கு உள்ளே இடுப்பு பெல்ட்டைப் பிரித்துக் கட்டும் சத்தம். மதுரை டாக்டர் பாரம் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததை அவன் தங்கையிடம் சொல்லவில்லை. அவளும் தனக்குத் தெரியும் என்று சொல்லவில்லை. அவன் தூக்கும்போதெல்லாம் மூச்சை அடக்கித் தன் உடம்பின் எடையைக் குறைத்துவிட முடியும் என்பதுபோல அவள் இருந்துவந்தாள்.

சனிக்கிழமை மாலையோடு தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொண்டாள். வெளியே கிளம்பும் நாட்களில் அது அவள் வழக்கம். போகிற இடத்தில் அவள் போகக்கூடிய கழிப்பறை இருக்காது. நாக்கு வறண்டால் உதட்டை நனைத்துக்கொள்வாள்; அவ்வளவுதான்.

ஆம்னி வண்டியை சாபிரே ஓட்டினான். ஆமத்தூரைத் தாண்டி, சிவகாசிக்குள் நுழைந்து வெளியேறி, மேற்கே மலை நீலமாகத் தெரியத் தொடங்கியபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. வழியெல்லாம் பட்டாசு கம்பெனிகளின் தனித்தனிக் கொட்டகைகள். கரிசல் காட்டில் ஒன்றுக்கொன்று கோபித்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்திருப்பவை போல. சனா ஓயாமல் பேசினாள். முஹ்சினாவுக்குப் பேச எச்சில் இல்லை.

அரண்மனை பெரிதுதான். ஆள் உயரத்துக்கும் மேலே எழும்பிய கருங்கல் மேடையின் மேல் நின்றது. முன்பக்கம் அகலமான படிக்கட்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாக ஏறிக்கொண்டிருந்தார்கள். சாபிர் படிக்கட்டைப் பார்த்த பார்வையைக் கவனித்த முஹ்சினா, “அது இல்லண்ணே, தெக்குப் பக்கம்” என்றாள்.

தெற்குப் பக்கம் சாய்தளம் இருந்தது. கையேடு பொய் சொல்லவில்லை. நல்ல சிமெண்டுத் தளம். இருபுறமும் கைப்பிடிக் குழாய். மேலே ஒரு பக்கவாசல். ஆனால் அடியிலிருந்து உச்சிவரை, ஒரு கை அகலம்கூட இடைவெளி விடாமல், செக்கச்செவேலென்று மிளகாய் வத்தல் காய்ந்துகொண்டிருந்தது.

நாற்காலியைத் தள்ளிவந்த சனா நின்றாள். பீவி ஜான், “அல்லாவே!” என்றாள். சாபிர் மட்டும் தன்னையறியாமல் செருப்பைக் கழற்றினான். ஓரத்தில் குந்தி ஒரு வத்தலை எடுத்துக் காதோரம் வைத்து ஆட்டிப்பார்த்தான். “முண்டு ரகம். நல்ல கலரு. வித்து இன்னும் கலகலங்கல, வெயில் பத்தல” என்றான். மண்டிக்காரன் வேறென்ன சொல்லுவான்?

“ஐயா, பாத்து! மிதிச்சுராதீக!” என்று குரல் கொடுத்துக்கொண்டே காவலாளி வந்தார். வெள்ளைத்துரை என்று பெயர். காக்கிச் சட்டைக்குக் கீழே கைலி கட்டியிருந்தார்.

“இது சக்கர நாற்காலிக்குக் கட்டுன பாதைதானே?” என்றாள் சனா.

“ஆமாத்தா, அதுக்குத்தேன் கட்டுனாக. கட்டி ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. ஒரு நாற்காலி வரல. தெக்குப் பாத்த தளம், காலையிலருந்து பொழுது சாயுற வரைக்கும் வெயிலு. சும்மா கெடந்து என்ன செய்ய? எம் பொண்டாட்டிதேன் காயப்போட்டிருக்கா. எங்க காட்டு வத்தல்.”

“நாற்காலி வரலன்னு வத்தல் போட்டீகளா, வத்தல் கெடக்குன்னு நாற்காலி வரலையா?”

வெள்ளைத்துரை கொஞ்சம் யோசித்தார். “படிச்ச புள்ள கேக்குற கேள்வி. எனக்கு ரெண்டும் ஒண்ணுதேன்” என்றார்.

முஹ்சினாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தெம்பு இல்லை. தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வத்தலைப் பார்த்தபடி இருந்தாள். வழக்கமாக இந்த இடத்தில் அவள் சொல்லும் வாக்கியம் நாக்கில் தயாராக இருந்தது: ‘எனக்கு வேணாம், நீங்க போயிட்டு வாங்க.’

சாபிர் எழுந்தான். “சரி, விடு. காயுற பண்டத்த வெயில் இருக்கையில அள்ளச் சொல்லக் கூடாது. அது பாவம். முன்வாசல் வழியா நான் தூக்கிட்டுப் போயிருதேன்” என்றான். சட்டைக் கையை மடித்தான். பிறகு இடுப்புப் பக்கம் சட்டையை ஒருமுறை பிடித்து இழுத்துவிட்டுக்கொண்டான். அந்த ஓர் அசைவை முஹ்சினா பார்த்தாள்.

“அள்ளச் சொல்லுங்கண்ணே.”

“எதை?”

“வத்தல.”

சாபிர் திடுக்கிட்டுப்போனான். அவர்கள் வீட்டில் யாரும் அடுத்தவன் பண்டத்தின் மேல் நிழல் விழக்கூட நடக்கமாட்டார்கள். மண்டியில் குவியலைச் சுற்றித்தான் போவார்கள். எத்தனை அவசரமானாலும் தாண்டமாட்டார்கள். “மண்டிக்காரன் வீட்டுப் பொம்பள பேசுற பேச்சா இது?” என்றான்.

“மண்டிக்காரன் வீட்டுப் பொம்பளதான் பேசுதேன். வத்தல் இன்னைக்கில்லன்னா நாளைக்குக் காயும். உங்க இடுப்பு விட்டுப்போச்சுன்னா எந்த வெயில்ல போட்டு எடுக்க?”

“இடுப்பு… இடுப்புக்கு என்ன?”

“விடியக்காலம் பெல்ட்டப் பிரிக்கிற சத்தம் செவரு தாண்டி வராதுன்னு நெனச்சீகளா?”

சாபிர் மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டான். “நான் சொன்னேன்ல, அவளுக்கு எல்லாந் தெரியும்னு” என்று பீவி ஜான் பொதுவாகக் காற்றிடம் சொன்னாள்.

இதற்குள் வெள்ளைத்துரையின் மனைவி மூக்கம்மாள் வத்தல் கிளறும் பலகையோடு வந்து சேர்ந்தாள். செய்தியைக் கேட்டதும் முகம் சுண்டிப்போயிற்று. “நல்லா இருக்கே! வருசமெல்லாம் வராதவுக எம் வத்தல் காயுற அன்னிக்கா வரணும்? வெயிலப் பாருங்க, இதுதேன் வெயிலு. இப்ப அள்ளிக் குவிச்சா வேத்துப்போயி கருக்கும். எவன் எடுப்பான் அத?”

“கருக்காது. கொஞ்ச நேரந்தான். குவிச்சு மூடாம வைங்க” என்றாள் முஹ்சினா. “எனக்கும் தெரியும், இது நல்ல வெயிலுதான். ஆனா எனக்கு வேற வழி இல்ல. இவுக எல்லாருக்கும் அந்தப் படி இருக்கு. எனக்கு இது ஒண்ணுதான்.”

அவள் கெஞ்சவுமில்லை, அதட்டவுமில்லை. நீண்ட நேரம் நடந்து வந்தவள் உட்கார இடம் கேட்பது போன்ற குரல். மூக்கம்மாள் நாற்காலியை ஒரு தடவை பார்த்தாள். சேலை மறைத்த கால்களை ஒரு தடவை பார்த்தாள். “சரி, எல்லாரும் செருப்பக் கழட்டுங்க” என்றாள். இரக்கப்பட்டவள் போலச் சொல்லவில்லை. வேலையை முடித்துவிட்டுப் போக நினைப்பவள் போலச் சொன்னாள்.

அள்ளினார்கள். சாபிரைக் குனியாதே என்று மூன்று பேர் சொல்லியும் அவன் கேட்கவில்லை. வத்தல் என்றால் அவன் கை சும்மா இருக்காது. கிளறியவுடன் நெடி எழுந்தது. முன்படியில் நின்ற பள்ளிக்கூடக் கூட்டம் முழுவதும் தும்மியது. “எவம்லே அது, மொளகாயப் போட்டு விளையாடுறது!” என்று ஓர் ஆசிரியர் மேலேயிருந்து கத்தினார். முஹ்சினாவுக்குத் தொண்டை எரிந்து இருமல் நிற்கவில்லை. கண் இரண்டும் கோவைப்பழமாகிவிட்டன. மூக்கம்மாள் ஓடிப்போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். முஹ்சினா ஒரு கணம் தயங்கினாள். பிறகு சொம்பு காலியாகும்வரை குடித்தாள். குடித்து முடித்ததும்தான் வீடு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற நினைப்பு வந்தது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை.

சனாவும் மூக்கம்மாளும் தள்ள, நாற்காலி சாய்தளத்தில் ஏறியது. கட்டியவர்கள் எவரும் அதில் ஏறிப் பார்த்ததில்லை என்று தெரிந்தது. சாய்வு அவ்வளவு செங்குத்து. சக்கரத்தில் ஒட்டிய மிளகாய் விதைகள் அவள் உள்ளங்கையில் ஏறி எரிந்தன. உச்சியில் வெள்ளைத்துரை பக்கவாசலைத் திறந்து வைத்திருந்தார். வாசலுக்குக் குறுக்கே, நிலைக்கு அடியில், அரைச் சாண் உயரத்துக்கு ஒரு மரக்கட்டை.

“இது என்ன?” என்றாள் சனா.

“பழைய நெலை. இதுல கைவைக்கக் கூடாதுன்னு உத்தரவு. அதனால சாய்தளத்த இதோட நிறுத்திட்டாக.”

அரண்மனையைக் காப்பாற்ற ஓர் உத்தரவு. அவளை உள்ளே விட ஓர் உத்தரவு. இரண்டும் அந்தக் கட்டையில் வந்து முட்டி நின்றன. முன்சக்கரங்களும் முட்டி நின்றன. கீழே நின்ற சாபிர் இரண்டு எட்டில் மேலே வந்துவிட்டான். நாற்காலியின் கைப்பிடிகளில் அவன் கை விழுந்தது.

“கைய எடுங்கண்ணே.”

“இத்துனூண்டு கட்டைம்மா. இதுக்குப் போயி…”

“எடுங்க.”

எடுத்தான். முஹ்சினா சனாவிடம், “நாற்காலியத் திருப்பு. பெரிய சக்கரம் முதல்ல போகட்டும். நீயும் இந்த அக்காவும் உள்ள நின்னு இழுங்க” என்றாள். வீட்டுக் குளியலறை வாசலை அவள் தனியாக இருக்கும்போது அப்படித்தான் கடந்து பழகியிருந்தாள்.

ஆகவே அவள் அரண்மனைக்குள் முதுகைக் காட்டிக்கொண்டு நுழைந்தாள். உள்ளே போகப் போக அவள் கண்முன் இருந்தது வண்டி நிறுத்துமிடம்தான்: புளியமரம், இளநீர்க் கடை, வெள்ளை ஆம்னி. ஒரு குலுக்கல், பல் கிட்டியது, இடுப்பில் வலி மின்னியது. வெளிச்சம் சதுரமாகச் சுருங்கியது. தரை திடீரென்று வழுவழுவென்று ஆயிற்று. சனா நாற்காலியை மெல்லத் திருப்பினாள்.

கூடம் படத்தில் இருந்த அளவுக்கு வெளிச்சமாக இல்லை. வௌவால் வாடை அடித்தது. கை எட்டும் உயரம்வரை தூண்களில் காதலர்கள் பெயர் கீறியிருந்தார்கள். அதற்கு மேலே யாரும் எட்ட முடியாத உயரத்தில், வளைவுக்குள் வளைவாகச் சுதை வேலை இருட்டுக்குள் ஏறிப் போய்க்கொண்டே இருந்தது. கண்ணெரிச்சலில் எல்லாம் கரைந்து ஆடியது. இவ்வளவுதானா என்று அவளுக்குத் தோன்றவில்லை. இவ்வளவா என்றும் தோன்றவில்லை. மிகவும் களைப்பாக இருந்தது. அடுத்த தூணுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் போலவும் இருந்தது.

சனாவும் பீவி ஜானும் மாடிக்குப் போனார்கள். சாபிர் போகவில்லை. தூக்குவதற்கு ஒன்றும் இல்லாத கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் பின்னால் கட்டினான், முன்னால் கட்டினான்.

“நீங்களும் போயிப் பாருங்கண்ணே. எல்லாத்தையும் பாத்தவுகளுக்கு இதென்னன்னு இருக்கும்.”

“நான் எங்கன பாத்தேன்?” என்றான் சாபிர்.

“ஏன், அம்புட்டுக் கோட்டைக்கும் போனீகளே. வந்து ‘உள்ள ஒண்ணுமில்லம்மா’ன்னு சொல்லுவீகளே.”

“வாசலத் தாண்டுவேன். நீ வண்டில ஒத்தையில இருக்கியேன்னு வரும். வெளிய வந்தா நீ வைவேன்னு, மதிலுக்கு உள்பக்கமே டீக்கடையில நின்னுக்கிடுவேன். இவுக வெளிய வாரப்ப நானும் சேந்து வந்துருவேன். உள்ள என்ன இருந்துச்சுன்னு எனக்கு என்ன தெரியும்?”

முஹ்சினா அவனை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை ஆண்டுகளாக மதிலுக்கு ஒரு பக்கம் அவளும் மறுபக்கம் அவனும் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். யாரும் எதையும் பார்க்கவில்லை. கோபப்பட வேண்டும் என்று தோன்றியது. அதற்கும் தெம்பு வேண்டியிருந்தது. “நல்ல ஆளுதான்” என்றாள்.

பக்கவாசலில் மூக்கம்மாளின் தலை தெரிந்தது. “ஏத்தா, வெயிலு வீணாப் போகுது. எப்ப எறங்குவீக?”

முஹ்சினா வாசலுக்கு வெளியே பார்த்தாள். நல்ல வெயில் இன்னும் இருந்தது. இப்போதே இறங்கினால் வத்தல் தப்பும். அவள் பார்த்தது இரண்டு தூண்களோடு நிற்கும். இறங்காமல் மூக்கம்மாளைக் காக்கவைத்தால் குவியல் வேர்க்கும். அடிவயிறு இப்போதே கனக்கத் தொடங்கியிருந்தது. அந்தச் சொம்புத் தண்ணீர் சும்மா இருக்காது. ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள்.

“நீங்க விரிச்சுருங்கக்கா” என்றாள். “பொழுது சாஞ்சு நீங்க அள்ளும்போது நாங்க எறங்கிக்கிடுதோம்.”

“அது வரைக்கும் உள்ளயா இருப்பீக?”

“இருக்கோம்.”

“அஞ்சு மணிக்குப் பூட்டணுமே!” என்று வெள்ளைத்துரை வெளியிலிருந்து குரல் கொடுத்தார்.

“உம்ம பூட்டு எங்க போயிரப்போகுது? நான் அள்ளுன பெறகு பூட்டும்” என்றாள் மூக்கம்மாள். அவள் தலை மறைந்தது. சற்று நேரத்தில் சிமெண்டில் பலகை உரசும் சத்தமும் வத்தல் சரிந்து பரவும் சத்தமும் கேட்டன. நெடி மறுபடி உள்ளே வந்தது.

“முஹ்சினா, சாயங்காலம் வரைக்கும் உனக்குத் தாங்குமா?” என்றான் சாபிர். அவளுடைய தண்ணீர்க் கணக்கு அவனுக்குத் தெரியாதது இல்லை.

“தாங்கித்தான் ஆகணும். வழியில வத்தல் கெடக்கே” என்றாள். “நீங்க அந்தப் பக்கத்துத் தூணெல்லாம் பாத்துட்டு வாங்க. பாத்துட்டு வந்து சொல்லுங்க. இந்தத் தடவ டீக்கடை இல்ல.”

சாபிர் தலையைச் சொறிந்தான். பிறகு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, புதிதாகச் சரக்கு பார்க்க வந்தவனைப் போல முதல் தூணின் முன் போய் நின்று, அண்ணாந்து பார்த்தான். முஹ்சினா எரியும் உள்ளங்கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். சக்கரங்களைப் பிடித்தாள். தரை மட்டமாக இருந்ததால் அவை லேசாகவே நகர்ந்தன. அவன் போன வரிசையை விட்டுவிட்டு, மற்ற வரிசையின் பக்கம் நாற்காலியைத் திருப்பினாள்.